ஓடி முடிக்காதவரின் ஓட்டம்

பொதுக்காலம் 20ஆம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டு
எரேமியா 38:4-6, 8-10, எபிரேயர் 12:1-4, லூக்கா 12:49-53



இரவு வேலை முடித்து விடியப்புறம் பஸ்ஸில் வீடு திரும்புகிறவர்கள் இந்தக் கோவிலில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். எட்டு மணி நேரம் நின்ற கால்கள். உட்கார ஓர் இருக்கை கிடைத்தாலே போதும் என்றிருக்கும். அந்த நேரம் பார்த்து நடைபாதையில் நாலைந்து பேர் ஓடிக்கொண்டு போவார்கள். காதில் எதையோ செருகியிருப்பார்கள். குளிருக்கு மூச்சு வெண்புகையாய்ப் பறக்கும். நம்முடைய பெரியவர் ஒருவர் அவர்களைக் காட்டி என்னிடம் கேட்டார்: "சுவாமி, இவையை ஆர் துரத்துறது? பின்னால ஒருத்தரையும் காணேல்லையே!"

இருவரும் சிரித்தோம். ஆனால் அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு முழு வாழ்க்கை இருக்கிறது. அவருக்குத் தெரிந்த ஓட்டமெல்லாம் துரத்தப்பட்டு ஓடிய ஓட்டம். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, சண்டை நெருங்கியதால் யாழ்ப்பாணத்துச் சனம் முழுவதும் மழைக்குள் நாவற்குழிப் பக்கமாக நகர்ந்தபோது உங்களில் பலர் அந்த நெரிசலுக்குள் இருந்தீர்கள். சைக்கிள் காரியரில் தாய், தோளில் பிள்ளை, கையில் அகப்பட்டதைத் திணித்த ஒரு பை. அடுத்த அடி வைக்க இடமில்லை. நின்றால் பின்னால் வருகிறவர்கள் நெருக்குவார்கள். அந்த நடைக்கு ஒருவரும் பயிற்சி எடுத்திருக்கவில்லை. இந்தக் கனடாவுக்கு வந்த பிறகும் ஓட்டம் நிற்கவில்லை. ஒரு வேலையிலிருந்து இன்னொரு வேலைக்கு, வாடகைக்கு, சீட்டுக்காசுக்கு, ஊருக்கு அனுப்ப வேண்டிய பணத்துக்கு.

அப்படி ஓடிக் களைத்தவர்களிடம் இன்றைய இரண்டாம் வாசகம் மறுபடியும் ஓடச் சொல்கிறது. மன உறுதியோடு ஓடுங்கள் என்கிறது. கேட்கும்போது உங்களுக்குக் கொஞ்சம் கோபம் வந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன். ஆனால் அந்தத் திருமுகம் யாருக்கு எழுதப்பட்டது என்று பாருங்கள். இரண்டு அதிகாரம் முன்னால் போனால் தெரியும்: அவர்களும் உடைமைகளைப் பறிகொடுத்தவர்கள், ஊரார் முன்னிலையில் அவமானப்பட்டவர்கள், சிறையில் கிடந்தவர்களோடு துன்பத்தைப் பகிர்ந்தவர்கள். களைப்பென்றால் என்னவென்று அறியாதவர்களுக்கு எழுதிய புத்திமதி இல்லை அது. துரத்தப்பட்டு ஓடியவர்களுக்கு, இனி ஒருவரை நோக்கி ஓடலாம் என்று காட்டுகிற கடிதம். எதற்குப் பயந்து ஓடுகிறோம் என்று நாம் ஒவ்வொருவரும் சொல்லிவிடுவோம். யாரை நோக்கி, யாருக்காக ஓடுகிறோம் என்று கேட்டால்?

இதை யோசித்தபோது எனக்கு நினைவில் வந்தவர் இந்த நாட்டு இளைஞர் ஒருவர். உங்கள் பிள்ளைகளுக்கு அவரை நன்றாகத் தெரியும். செப்டெம்பர் தோறும் பள்ளிக்கூடத்தில் அவர் கதையைக் கேட்கிறார்கள். பெற்றோருக்குத்தான் அந்தப் பெயர், பிள்ளை கையில் இரண்டு டொலர் குற்றி கொடுத்தனுப்ப வேண்டிய ஒரு நாளாக நின்றுவிட்டது. ரெறி ஃபொக்ஸ்.

பிரிட்டிஷ் கொலம்பியாவில், வன்கூவருக்குப் பக்கத்திலுள்ள போர்ட் கொக்விட்லத்தில் வளர்ந்தவர். தகப்பன் ரெயில்வே தொழிலாளி. பையனுக்குக் கூடைப்பந்தில் பைத்தியம், ஆனால் உயரம் போதாது. எட்டாம் வகுப்பில் அணியிலேயே மோசமான ஆட்டக்காரர் அவர்தான். 1977 மார்ச்சில், பல்கலைக்கழகத்துக்குப் போகத் தொடங்கிய வயதில், வலது முழங்காலில் எலும்புப் புற்றுநோய் என்று தெரிய வந்தது. முழங்காலுக்கு மேலே வெட்டி எடுத்தார்கள். அவருக்கு 18 வயது.

வைத்தியர்கள் அவரிடம் ஒரு கணக்குச் சொன்னார்கள். பிழைப்பதற்கு 50 வீதம் வாய்ப்பு உண்டு; இரண்டு வருடத்துக்கு முன் இதே நோய் வந்திருந்தால் 15 வீதம்தான். அந்த இரண்டு வருடத்துக்குள் நடந்தது ஆராய்ச்சி. ஆராய்ச்சிக்குக் காசு கொடுத்தவர்கள் யாரென்று ரெறிக்குத் தெரியாது. கொடுத்தவர்களுக்கும் ரெறியைத் தெரியாது. வலது கை செய்வது இடது கைக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று ஆண்டவர் சொன்னாரல்லவா? அப்படிக் கொடுக்கப்பட்ட பிச்சை ஒரு பையனின் உயிருக்கு வந்து சேர்ந்தது. இதை அவர் மறக்கவில்லை. தான் கடனாளி என்று எடுத்துக்கொண்டார்.

அறுவைச் சிகிச்சைக்கு முந்தின இரவு, அவருடைய பழைய பயிற்சியாளர் ஒரு சஞ்சிகையோடு வந்தார். செயற்கைக் காலோடு 1976இல் நியூயோர்க் மரதன் ஓடிய டிக் ட்ரோம் என்பவரைப் பற்றி அதில் ஒரு கட்டுரை இருந்தது. அவ்வளவுதான். நாமும் நோயாளி பார்க்கப் போகிறோம். முந்திரிகைப்பழம் வாங்கிக்கொண்டு போய், கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று "எல்லாம் சரிவரும்" என்று சொல்லிவிட்டு, வாகனத்தில் ஏறியதும் வேறு கதை பேசுகிறோம். நான் உங்களைக் குற்றம் சொல்லவில்லை. என்ன சொல்வதென்று ஒருவருக்கும் தெரிவதில்லை. அந்தப் பயிற்சியாளர் ஆறுதல் சொல்லப் போகவில்லை. காலை இழக்கப்போகிற ஒருவருக்கு, ஒற்றைக் காலோடு ஓடிய இன்னொருவரைக் காட்டினார். எபிரேயருக்கு எழுதியவர் செய்ததும் அதுதான். ஆபேலிலிருந்து தொடங்கி, ஆபிரகாம், மோசே, ராகாபு என்று வரிசையாகக் காட்டிவிட்டு, இத்தனை பேர் மேகம்போல உங்களைச் சூழ்ந்திருக்கிறார்கள், இனி நீங்கள் ஓடுங்கள் என்கிறார்.

பிறகு 16 மாதம் மருந்தேற்றினார்கள். அந்த வார்டுகளில் தன்னைவிடச் சின்னவர்கள் வலியில் கதறுவதை ரெறி கேட்டார். எங்கேயாவது ஒரு இடத்தில் இந்த வேதனை நிற்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. கனடாவின் கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரை வரை ஓடுவது, வழியெல்லாம் புற்றுநோய் ஆராய்ச்சிக்குக் காசு சேர்ப்பது என்று மனதுக்குள் முடிவெடுத்தார். யாருக்கும் சொல்லவில்லை.

அன்புக்குரியவர்களே, அவர் ஓடிய நெடுஞ்சாலைகளைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். நான் அதற்கு முந்தின 14 மாதங்களைப் பற்றிப் பேச விரும்புகிறேன். 1979 பெப்ரவரியில் அவர் ஓடிப் பழகத் தொடங்கினார். முதல் நாள் அரை மைல். அதுவும் இருட்டில், ஒருவரும் பார்க்காத நேரமாக. அந்தக் காலத்துச் செயற்கைக் கால் நடப்பதற்கென்று செய்தது, ஓடுவதற்கு இல்லை. அதற்குள் இருந்த ஸ்பிரிங் பழைய நிலைக்குத் திரும்ப ஒரு கணம் எடுக்கும். அந்தக் கணத்தைச் சமாளிக்க நல்ல காலால் இன்னொரு தரம் துள்ள வேண்டும். துள்ளி, துள்ளி, பிறகு இரும்புக் கால். ஒவ்வொரு அடிக்கும் அப்படி. வெட்டிய இடம் கொப்பளித்தது, தோல் உரிந்து இரத்தம் வந்தது, நல்ல காலின் எலும்பும் கன்றியது. ஓடத் தொடங்கி இருபது நிமிடத்துக்கு வலி உச்சத்தில் இருக்கும், அதைக் கடந்துவிட்டால் கொஞ்சம் இலகுவாகிவிடும் என்று கண்டுபிடித்தார். ஒவ்வொரு நாளும் அந்த இருபது நிமிடம் புதிதாக வரும்.

செபிக்கிறவர்களுக்கு அந்த இருபது நிமிடம் தெரியும். செபமாலையைக் கையில் எடுத்ததும் மனம் கடைக்கும் வங்கிக்கும் போகிறது; முழங்கால் நோகிறது; நித்திரை வருகிறது. மன்னிக்க முயல்கிறவர்களுக்கும் தெரியும். நேற்றுத்தான் மன்னித்தோம் என்றிருக்கும், இன்று காலையில் அந்த முகத்தைக் கண்டதும் வயிறு எரிகிறது. நாம் அப்போது என்ன நினைக்கிறோம்? எனக்கு விசுவாசம் போதாது, நான் சரியான கிறிஸ்தவன் இல்லை என்று நினைத்து நிறுத்திவிடுகிறோம். வலி இருப்பதாலேயே வழி தவறிவிட்டது என்று எடுத்துக்கொள்கிறோம். அருமையானவர்களே, அந்த இருபது நிமிடம் உங்கள் குறை இல்லை. அது ஓட்டத்தின் ஒரு பகுதி. ஆண்டவர் உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பது அந்த இருட்டில்தான். உங்கள் தந்தை மறைவில் காண்கிறவர் என்று நாம் விபூதிப் புதனன்று கேட்கிறோமே, அது இந்த நேரத்துக்கான வார்த்தை.

வீட்டில் இருந்தவர்கள் அவர் வன்கூவர் மரதனுக்குப் பழகுகிறார் என்று நினைத்தார்கள். ஒரு கட்டத்தில் தொடர்ந்து 101 நாள் ஓடினார். பிறகு ஒருநாள் ஓய்வெடுத்தார். அது நத்தார் நாள். தாய் கேட்டுக்கொண்டதற்காக எடுத்த ஓய்வு. 1979 செப்டெம்பர் தொடக்கத்தில் பிரின்ஸ் ஜோர்ஜ் நகரில் நடந்த 17 மைல் ஓட்டத்தில் கலந்துகொண்டு கடைசியாக வந்தார். அவருக்கு முன்னால் வந்தவருக்கும் அவருக்கும் பத்து நிமிட இடைவெளி. எல்லைக்கோட்டில் நின்றவர்கள் அழுதுகொண்டே கைதட்டினார்கள். அதற்குப் பிறகுதான் வீட்டில் உண்மையைச் சொன்னார். தாய்க்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. தகப்பன், எப்போது புறப்படுகிறாய் என்று மட்டும் கேட்டார். எல்லாமாகப் பயிற்சியில் மட்டும் 5,000 கிலோமீற்றருக்கு மேல் ஓடியிருந்தார்.

1980 ஏப்ரல் 12ஆம் திகதி, நியூஃபவுண்ட்லாந்தின் சென் ஜோன்ஸ் துறைமுகத்தில், செயற்கைக் காலை அத்திலாந்திக் கடலில் நனைத்துவிட்டுப் புறப்பட்டார். நாளுக்கு ஒரு மரதன், ஏறக்குறைய 42 கிலோமீற்றர். முதல் நாட்களில் காற்றும் மழையும் பனிப்புயலும். கூட வந்தவர் டக் ஆல்வர்ட் என்ற பள்ளித்தோழன் ஒருவர்தான். அவர் ஒரு வானை ஒரு மைல் முன்னால் கொண்டுபோய் நிறுத்திக் காத்திருப்பார். ரெறி வந்து தண்ணீர் குடித்துவிட்டு ஓடுவார். வான் அடுத்த மைலுக்குப் போகும்.

இந்த இடத்தில்தான் இன்றைய நற்செய்தி வருகிறது. அதை வாசித்துவிட்டு மறையுரை சொல்வது எந்தக் குருவுக்கும் சுகமான வேலை இல்லை. தீ மூட்ட வந்தேன் என்கிறார் ஆண்டவர்; ஒரே வீட்டில் தகப்பனும் மகனும், தாயும் மகளும் பிரிந்து நிற்பார்கள் என்கிறார். நல்ல காரியம் ஒன்றைத் தொடங்கினால் வீட்டில் சமாதானம் பொங்கும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். ஆனால் நோவா ஸ்கோஷியாவுக்கு வந்து சேர்ந்தபோது ரெறியும் டக்கும் முகம் கொடுத்துப் பேசாத நிலைக்கு வந்திருந்தார்கள். ஒருவருக்கு உடம்பு முழுக்க வலி, சட்டென்று கோபம் வரும். மற்றவருக்கு நாள் முழுவதும் ஒரு வானுக்குள் காத்திருப்பு. இரண்டு பேரும் இளவயது. இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கட்டும் என்று ரெறியின் 17 வயதுத் தம்பி டரெல்லைக் கூட்டி அனுப்ப வேண்டி வந்தது.

எனக்கு இந்தச் செய்தி மிகவும் பிடிக்கும். பெரிய மனிதர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் இதையெல்லாம் துடைத்துவிட்டு எழுதுவதுண்டு, துடைக்கத் தேவையில்லை. பாடகர் குழுவில் நடந்த சண்டையும், திருவிழாச் செலவுக் கணக்கில் வந்த மனஸ்தாபமும் நம் எல்லாருக்கும் தெரியும். கோவில் வேலை செய்யப்போய்த்தான் நமக்குள் முகம் முறிந்தது. அதனால் அந்த வேலை கடவுளுடையது இல்லை என்று ஆகிவிடுமா? தீ இருக்கிற இடத்தில் சூடு இருக்கும். நடுவில் நிற்க ஒரு தம்பி தேவைப்படும், சிரிக்க வைக்க ஒருவர் தேவைப்படும். டக் வானை விட்டுப் போகவில்லை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். மாதக்கணக்காய் அந்த ஒவ்வொரு மைலிலும் அவர் தண்ணீரோடு நின்றார்.

காசு விஷயத்தையும் சொல்லத்தான் வேண்டும். தொடக்கத்தில் ஒரு மில்லியன் டொலர் சேர்ந்தால் போதும் என்பது அவர் எண்ணம். பல ஊர்களில் அவர் வருவது ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. நியூஃபவுண்ட்லாந்தின் கடைசி ஊர் போர்ட் ஓ பாஸ்க். ஏறக்குறைய 10,000 பேர் வாழ்ந்த மீன்பிடி ஊர். அவர்கள் 10,000 டொலர் சேர்த்து வைத்திருந்தார்கள். தலைக்கு ஒரு டொலர். அந்த ஊர்தான் அவருக்கு வழி காட்டியது: ஒவ்வொரு கனேடியரும் ஒரு டொலர் தந்தால் போதும். அன்று கனடாவில் 24 மில்லியன் மக்கள். ஆலயத்தில் இரண்டு காசு போட்ட கைம்பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தவர், அந்த மீனவர் ஊரையும் பார்த்திருப்பார்.

இதில் எவரும் இலாபம் பார்க்கக் கூடாது என்று அவர் கண்டிப்பாக இருந்தார். தன் பெயரைப் போட்டு எந்தக் கம்பனியும் சரக்கு விற்க விடவில்லை. நன்கொடை கொடுத்தால் ஒலிபெருக்கியில் பெயர் வாசிக்க வேண்டும், சுவரில் கல் பதிக்க வேண்டும் என்று பழகிவிட்ட நமக்கு இது கொஞ்சம் உறுத்தட்டும். அதிகம் சொல்லவில்லை. மகன் ஒருவனைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த ஹொட்டேல் அதிபர் இசடோர் ஷார்ப், அவர்களுக்கு உணவும் தங்க இடமும் கொடுத்தார். மைலுக்கு இரண்டு டொலர் தருவதாகச் சொல்லி, மற்றக் கம்பனிகளையும் தரச் சொன்னார். மகனை இழந்த தகப்பன் வேறொருவர் மகனின் சாப்பாட்டைக் கவனித்தார். ஜூலை 11ஆம் திகதி நம்முடைய ரொறன்ரோ நகரசபைக்கு முன்னால், நேதன் பிலிப்ஸ் சதுக்கத்தில் 10,000 பேர் கூடினார்கள். அன்று ஒரே நாளில் 100,000 டொலர் சேர்ந்தது.

செப்டெம்பர் 1ஆம் திகதி, ஒன்ராறியோவின் வடக்கே தண்டர் பே நகருக்கு அருகில், ஓடிக்கொண்டிருக்கும்போது இருமல் வந்தது, நெஞ்சில் வலி. வீதியோரம் நின்ற சனம் உற்சாகப்படுத்திக் கூப்பிட்டது. அவர்கள் முன்னால் நிற்க மனமில்லாமல் இன்னும் சில மைல் ஓடினார். ஆள் இல்லாத இடம் வந்ததும் வானில் ஏறி, வைத்தியசாலைக்கு விடச் சொன்னார். வானை ஓட்டியவர் அதே டக். புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. 143 நாள், 5,373 கிலோமீற்றர். பசிபிக் கடல் இன்னும் 3,000 கிலோமீற்றருக்கு அப்பால் இருந்தது.

மிச்சத்தை நாங்கள் ஓடித் தருகிறோம் என்று பலர் முன்வந்தார்கள். வேண்டாம் என்றார், சுகமானால் தானே வந்து முடிப்பேன் என்றார். நாடு முழுவதும் செபித்தது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவருக்காகச் செபிப்பதாகத் தந்தி அனுப்பினார். 1981 ஜூன் 28ஆம் திகதி விடியற்காலையில் ரெறி இறந்தார். இன்னும் ஒரு மாதம் இருந்திருந்தால் 23 வயது.

திருத்தந்தை செபித்தும் ஏன் கேட்கப்படவில்லை? இந்தக் கேள்வியை உங்களில் சிலர் கட்டிலருகே நின்று என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். புற்றுநோயைக் கடவுள் அனுப்பினார் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். யாரும் உங்களுக்கு அப்படிச் சொன்னால் நம்பவும் வேண்டாம். லாசரின் கல்லறைக்கு முன்னால் அழுதவர் நோயைத் தண்டனையாக விநியோகிக்கிறவர் இல்லை. ஏன் என்பதற்கு என்னிடம் விடை கிடையாது. என்னிடம் இருப்பது இன்றைய திருமுகத்தில் இயேசுவுக்குக் கொடுக்கப்பட்ட பெயர்: நம்முடைய விசுவாசத்தைத் தொடங்குகிறவரும் அவர், நிறைவாக்குகிறவரும் அவர். ஓடுவது நம் பங்கு. முடித்து வைப்பது நம் கையில் ஒருபோதும் இருந்ததில்லை. மோசே நெபோ மலையில் ஏறி அந்த நாட்டைக் கண்ணால் கண்டார்; கால் வைக்கவில்லை. அதற்காக ஆண்டவர் மோசேயைத் தோற்றவர் பட்டியலில் எழுதவில்லையே.

1981 பெப்ரவரியில், ரெறி உயிரோடு இருக்கும்போதே, 24.17 மில்லியன் டொலர் சேர்ந்துவிட்டது. தலைக்கு ஒரு டொலர் என்று அவர் கேட்டது அப்படியே கிடைத்தது. அவர் இறந்த ஆண்டு செப்டெம்பரில் நடந்த முதலாவது நினைவோட்டத்துக்கு 300,000 பேர் வந்தார்கள். இன்றுவரை சேர்ந்தது 850 மில்லியன் டொலருக்கு மேல். அவருக்கு வந்த அதே எலும்புப் புற்றுநோய் இன்று வருகிற இளையோரில் பெரும்பாலானவர்களுக்குக் காலை வெட்டாமலே சிகிச்சை செய்ய முடிகிறது.

இந்தக் கோவிலில் முடியாத ஓட்டங்கள் எத்தனை! பல்கலைக்கழக அனுமதி கிடைத்தும் சண்டையால் படிக்க முடியாமல் போனவர்கள். கட்டிய வீட்டுக்குள் ஒரு வருடமும் குடியிருக்காமல் விட்டுவந்தவர்கள். திரும்பிப் போய்ப் பார்ப்பேன் என்று தாய்க்கு வாக்குக் கொடுத்து, அவருடைய செத்தவீட்டைத் தொலைபேசியில் பார்த்தவர்கள். பிள்ளையின் தகவலுக்காக இன்னும் காத்திருக்கிறவர்கள். பாதியில் நின்றதற்காக உங்களை நீங்களே தண்டிக்கிறீர்கள். ஆண்டவர் தண்டிக்கவில்லை. நீங்கள் ஓடிய ஒவ்வொரு மைலும் அவரிடம் இருக்கிறது. மிச்சத்தை அவர் யாரைக் கொண்டு நிறைவாக்குவார் என்பது நமக்குத் தெரிய வேண்டியதில்லை. அது அவருடைய இரக்கத்தின் வேலை.

முதல் வாசகத்துக்கு வந்து நிறுத்துகிறேன். எரேமியாவைக் கிணற்றுக்குள் இறக்கிவிட்டார்கள். தண்ணீர் இல்லை, சேறுதான், அவர் புதைந்துகொண்டிருந்தார். எபேது மெலேக்கு என்ற எத்தியோப்பியர், அந்த நாட்டுக்கு அந்நியர், அரசனிடம் போய்ப் பேசி அனுமதி வாங்கினார். வாசகம் அந்த இடத்தோடு நின்றுவிடுகிறது. வீட்டுக்குப் போய் அடுத்த மூன்று வசனங்களையும் வாசியுங்கள். அவர் கயிற்றோடு மட்டும் போகவில்லை. அரண்மனைக் களஞ்சியத்தில் கிடந்த பழந்துணிகளையும் கிழிந்த உடைகளையும் எடுத்துக்கொண்டு போனார். அவற்றை அக்குளுக்குள் வைத்து, அதற்கு மேலாகக் கயிற்றைப் போடும்படி எரேமியாவிடம் சொன்னார். தூக்கும்போது கயிறு அறுக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. காப்பாற்றினால் போதும், கொஞ்சம் நொந்தால் என்ன என்று அவர் நினைக்கவில்லை. விவிலியத்தில் இரக்கம் இவ்வளவு நுணுக்கமாக வேலை செய்கிற இடங்கள் குறைவு.

நம் சமூகத்தில் புற்றுநோய் ஒரு கிணறு. வந்தவர்கள் வெளியே சொல்வதில்லை. பிள்ளைகளின் கல்யாணம் குழம்பிவிடும், சனம் வேறுமாதிரிப் பார்க்கும், முற்பிறப்புப் பாவம் என்றுகூடக் கதைப்பார்கள் என்ற பயம். தலைமயிர் கொட்டியதை மறைக்கத் துணி கட்டிக்கொண்டு, கடைசி வாங்கில் இருந்து பூசை கண்டுவிட்டு, எவரும் பேச்சுக் கொடுக்குமுன் போய்விடுகிறார்கள். தனியாக பஸ் ஏறி மருந்தேற்றப் போய், தனியாக வாந்தியோடு திரும்புகிறார்கள். அவர்கள் நமக்குப் பயந்து ஒளித்திருக்கிறார்கள், சகோதரரே. இது என் மனதில் பாரமாகக் கிடக்கிறது.

தொழிலாளர் தினத்துக்குப் பிறகு வருகிற இரண்டாவது ஞாயிறு ரெறி ஃபொக்ஸ் ஓட்டம். அதில் முதலாவது, கடைசி என்று இடம் கிடையாது; பரிசு இல்லை, நுழைவுக் கட்டணமும் இல்லை. ஓடலாம், நடக்கலாம், சைக்கிளிலோ சக்கர நாற்காலியிலோ வரலாம். நம் பங்கிலிருந்தும் போவோம். இன்னும் சில வாரம் இருக்கிறது. இன்று மாலையே நடந்து பழகத் தொடங்குங்கள். முழங்கால் வலிக்கிற அம்மாமார் வீட்டைச் சுற்றி ஒரு செபமாலை சொல்லி நடந்தால் போதும். நடக்கும்போது நோயாளி ஒருவரின் பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தலைக்கு ஒரு டொலர் கொண்டுவாருங்கள். கூட இருந்தால் கூடக் கொடுங்கள், பெயர் எழுத மாட்டோம்.

அதைவிட முக்கியமாக ஒன்று கேட்கிறேன். நோயை மறைத்துக்கொண்டு இங்கே இருக்கிறவர்கள் தயவுசெய்து என்னிடம் வாருங்கள்; நீங்கள் அனுமதி தராமல் ஒருவருக்கும் சொல்ல மாட்டேன். வாகனம் உள்ளவர்கள், வாரத்தில் ஒரு காலை நேரம் ஒதுக்கக் கூடியவர்கள், மருந்தேற்றப் போகிறவர்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காத்திருந்து திரும்பக் கூட்டிவர வேண்டும். பூசை முடிந்ததும் சக்கிறீஸ்து அறையில் இருப்பேன். வந்து பெயர் தாருங்கள்.